ரூபி வாக்ஸ்: மனநலம் பேசியவர் ஏன் மறுபடி மருத்துவமனைக்குப் போனார்?

பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் 1980, 90களில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன நகைச்சுவைக் கலைஞர் ரூபி வாக்ஸ். பின்னாளில் மனநலப் பிரசாரத்துக்கு வந்தார். 2013இல் ஆக்ஸ்ஃபோர்டில் மைண்ட்ஃபுல்னெஸ் என்ற கவனத் தியானம் சார்ந்த சிகிச்சையில் முதுகலைப் பட்டம் வாங்கினார். மனநலத்துக்கு ஆற்றிய சேவைக்காக 2015இல் ஓபிஇ என்ற பிரிட்டிஷ் அரச விருது கிடைத்தது. இத்தனைக்கும் பிறகு 2022இல் கடும் மனச்சோர்வோடு மருத்துவமனையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அதைப் புத்தகமாக எழுதி, மேடைக்கும் கொண்டுவந்தார்.

இதைக் கேட்டதும் பலருக்கும் சட்டென்று தோன்றுவது இரண்டு. "அப்போ இந்தத் தியானம் எல்லாம் சும்மாதானா?" என்பது ஒன்று. "பிரபலங்கள் செய்யும் பிரசாரமே வெறும் விளம்பரம்தான்" என்பது இன்னொன்று. இரண்டும் அவசர முடிவுகள். அவருக்கு இருப்பது என்ன மாதிரியான நோய், அவர் படித்த சிகிச்சை யாருக்காக உண்டாக்கப்பட்டது, பிரசாரம் என்ற பெயரில் நடப்பவை என்னென்ன என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் பெருமளவு தீரும். முதலில் அவருடைய தொழில். பிரசாரத்தின் பாணி அங்கிருந்துதான் வந்தது.

## நாடகம், எழுத்து, நேர்காணல்

1953இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து எவன்ஸ்டனில் பிறந்தார். பெற்றோர் ஆஸ்திரிய யூதர்கள். 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் உயிர்தப்பி வந்தவர்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கச் சேர்ந்து பாதியில் விட்டார். கிளாஸ்கோவில் நாடகப் பயிற்சி முடித்து, 1970களின் இறுதியில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்குள் நுழைந்தார். அங்கே பழக்கமான நடிகர் அலன் ரிக்மன்தான் இவரை நகைச்சுவை எழுதத் தூண்டியவர். இவருடைய தனிமேடை நிகழ்ச்சிகளைப் பின்னாளில் இயக்கியவரும் அவரே.

1985-86இல் டான் ஃபிரெஞ்ச், ஜெனிஃபர் சாண்டர்ஸ், டிரேசி உல்மன் ஆகியோருடன் ஒரு நகைச்சுவைத் தொடரில் நடித்தார். 1992இல் தொடங்கிய 'ஆப்சொல்யூட்லி ஃபேபுலஸ்' தொடருக்கு வசன மேற்பார்வை செய்தவரும் இவர்தான். ஆனால் பெரும்பாலானோர் நினைவில் நிற்பது 90களின் நேர்காணல்கள்.

அந்த நேர்காணல்களில் ஒரு தனி உத்தி இருந்தது. ஸ்டுடியோவில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பதில்லை. எதிராளியின் வீட்டுக்கே போவது, அலமாரியைத் திறப்பது, செருப்பைப் போட்டுப் பார்ப்பது, அடக்கமாகக் கேட்க வேண்டியதை அப்பட்டமாகக் கேட்பது. பிலிப்பைன்ஸ் முன்னாள் அதிபரின் மனைவி இமெல்டா மார்கோஸ் தன் காலணிகளைக் காட்டியது இப்படித்தான். கொலை வழக்கில் விடுதலையான அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சன், கையில் வாழைப்பழத்தைப் பிடித்துக்கொண்டு கத்தியால் குத்துவதுபோல் விளையாட்டுக் காட்டினார். எந்த வழக்கறிஞரும் தன் கட்சிக்காரரைக் கேமரா முன் செய்ய விடாத காரியம் அது. டொனால்ட் டிரம்ப்பை அவருடைய தனி விமானத்தில் சந்தித்தபோது, அதிபர் தேர்தலில் நிற்பேன் என்று அவர் சொன்னதும் இவர் சிரித்துவிட்டார். பேட்டி அத்தோடு கெட்டது. விமானத்தைத் தரையிறக்கித் தன்னை இறக்கிவிட்டார்கள் என்று வாக்ஸ் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

எல்லாரும் பார்த்தும் பார்க்காததுபோல் கடந்துபோகிற ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டுவதுதான் அவருடைய தொழில். மனநோய் விஷயத்தில் செய்ததும் அதையேதான். ஒரு வேறுபாடு: இம்முறை திறக்கப்பட்டது அவருடைய சொந்த அலமாரி.

2000க்குப் பிறகு வாய்ப்புகள் குறைந்தன. 2005இல் பிரபலங்களைக் கூண்டில் வைத்துச் சுறாக்கள் நடுவே இறக்கும் ஒரு நிகழ்ச்சியில்கூடத் தலைகாட்டினார். அதற்கெல்லாம் பல ஆண்டுகள் முன்பே, மூன்றாவது குழந்தை பிறந்த காலத்திலேயே, மனச்சோர்வு அவரை வீழ்த்தி, பிரையரி என்ற தனியார் மனநல மருத்துவமனைவரை கொண்டுபோயிருந்தது. வெளியே யாருக்கும் தெரியாது.

## சுவரொட்டி செய்த வேலை

காமிக் ரிலீஃப் என்ற அறக்கட்டளை மனநல விழிப்புணர்வுக்காக அவருடைய படத்தைப் போட்டு ஒரு சுவரொட்டி அடித்தது. ஐந்தில் ஒருவருக்குப் பொடுகு, நான்கில் ஒருவருக்கு மனநலப் பிரச்சினை, எனக்கு இரண்டும் இருந்தன என்பது அதன் சாரம். லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் தன் முகத்தைப் பெரிதாகப் பார்த்துவிட்டு வெலவெலத்துப்போனார். சமாளிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்: அந்தச் சுவரொட்டியே ஒரு புதிய மேடை நிகழ்ச்சிக்கான விளம்பரம் என்று தோன்றும்படி, அப்படி ஒரு நிகழ்ச்சியை எழுதிவிடுவது.

பாடகி ஜூடித் ஓவனுடன் சேர்ந்து உருவாக்கிய அந்த நிகழ்ச்சியை, நாடக அரங்குகளுக்குக் கொண்டுபோகும் முன் மனநல மருத்துவமனைகளில் நடத்தினார். இது சாமர்த்தியமான முடிவு. நோய் தெரியாதவர்கள் முன்னால் மனநோய் நகைச்சுவை எளிதாகக் கேலியாகிவிடும். நோயாளிகளே பார்வையாளர்கள் என்றால், எந்த வரி அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறது, எந்த வரி அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறது என்பது அரங்கிலேயே பிடிபட்டுவிடும். நிகழ்ச்சியின் இரண்டாம் பாதியைப் பார்வையாளர்களுடன் பேசுவதற்கு ஒதுக்கினார். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் முன்பின் தெரியாத கூட்டத்தில் எழுந்து நின்று தங்கள் மருந்து, கணவர், பிள்ளைகள் பற்றிச் சொன்னார்கள்.

சுவரொட்டியில் இருந்த 'நான்கில் ஒருவர்' என்ற கணக்கையும் இங்கேயே தெளிவாக்கிவிடலாம், அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது.

1. அது வழக்கமாக 'ஓர் ஆண்டில்' என்ற கணக்காகச் சொல்லப்படுவது. 'வாழ்நாளில்' என்று எடுத்துக்கொண்டால் அர்த்தம் மாறிவிடும்.

2. எல்லா வகைப் பிரச்சினைகளையும் சேர்த்துச் சொல்வது. லேசான பதற்றமும், படுக்கையைவிட்டு எழ முடியாத மனச்சோர்வும் ஒரே எண்ணுக்குள் வந்துவிடுகின்றன.

3. காலத்தை மாற்றினால் எண்ணும் மாறும். இங்கிலாந்தில் 2014இல் வீடுவீடாக எடுத்த ஆய்வில், முந்தைய ஒரு வாரத்தில் பதற்றம், மனச்சோர்வு போன்ற பரவலான கோளாறுகளின் அறிகுறிகள் இருந்தவர்கள் ஆறில் ஒருவர்.

பெரிய எண்ணைச் சொன்னால் நோயாளிக்குத் தனிமை குறையும். கூடவே, 'எல்லாருக்கும் வருவதுதானே' என்ற அலட்சியமும் கிளம்பும். வாக்ஸுக்கு இருந்தது அந்த எண்ணின் லேசான பக்கம் அல்ல.

## திரும்பத் திரும்ப வரும் நோய்

கவலையும் துக்கமும் காரணத்தோடு வந்து, காலப்போக்கில் தணியும். மருத்துவர்கள் 'டிப்ரஷன்' என்று குறிப்பது வேறு. குறைந்தது இரண்டு வாரம், நாளின் பெரும்பகுதி, கிட்டத்தட்ட எல்லா நாளும் மனம் தாழ்ந்திருக்கும், அல்லது எதிலுமே நாட்டம் இருக்காது. அதோடு தூக்கம், பசி, கவனம், உடல் தெம்பு ஆகியவையும் கெடும். தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் மேலோங்கும். இப்படி வந்து விலகும் ஒவ்வொரு முறையையும் ஓர் 'எபிசோட்' என்பார்கள்.

இது பலருக்கு ஒருமுறை வந்து போகும் நோயாக இருப்பதில்லை. முதல் எபிசோட் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி வருகிறது. ஒவ்வொரு முறை வரும்போதும் அடுத்தது வரும் வாய்ப்பு கூடுகிறது. இதற்கு உளவியலாளர்கள் தரும் விளக்கங்களில் முக்கியமானது இது: நோயின்போது தாழ்ந்த மனநிலையும், 'நான் தோற்றவள்' என்ற எண்ண ஓட்டமும் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. குணமான பிறகு, சாதாரணமாக ஒரு நாள் மனம் வாடினால்கூட அந்தப் பழைய எண்ண ஓட்டம் முழுசாகக் கிளம்பிவிடும். ஏன் இப்படி ஆனேன் என்று அதையே குடைந்துகொண்டிருப்பதில் மனநிலை இன்னும் இறங்கும். எபிசோட்களின் எண்ணிக்கை ஏற ஏற இந்தப் பிணைப்பு இறுகுகிறது. கிளப்பிவிட வெளிக்காரணம்கூடத் தேவைப்படுவதில்லை.

வாக்ஸின் குடும்ப வரலாற்றைத் தேடிப்போன 2017ஆம் ஆண்டு பிபிசி நிகழ்ச்சி ஒன்றில், அவருடைய மூதாதையரில் பெண்கள் மனநல விடுதிகளில் அடைக்கப்பட்டிருந்த பதிவுகள் கிடைத்தன. மனச்சோர்வுக்குப் பரம்பரைத் தொடர்பு உண்டு. ஆனால் அது வாய்ப்பைக் கூட்டுவது மட்டுமே. இன்னாருக்கு வந்தே தீரும் என்று சொல்லும் விதி கிடையாது.

## அவர் படித்த சிகிச்சை எது?

மைண்ட்ஃபுல்னெஸ் என்றதும் செல்பேசிச் செயலியில் ஓடும் மணியோசை நினைவுக்கு வரலாம். ஆக்ஸ்ஃபோர்டில் அவர் படித்தது வேறு: மைண்ட்ஃபுல்னெஸ் அடிப்படையிலான அறிதிறன் சிகிச்சை, சுருக்கமாக எம்பிசிடி. சிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் 1990களில் உருவாக்கியது. அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி குறுகலானது: மனச்சோர்விலிருந்து மீண்டவருக்கு அது மறுபடி வராமல் தடுப்பது எப்படி? நோய் உச்சத்தில் இருப்பவரைக் குணப்படுத்துவது அவர்களுடைய முதல் நோக்கமாக இருக்கவில்லை.

வகுப்பு எட்டு வாரம். வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரத்துக்கு மேல், ஒரு டஜன் பேர் அளவிலான குழு. வீட்டுப் பயிற்சி வாரத்தில் ஆறு நாள், மூல வடிவத்தில் தினமும் 45 நிமிடம்வரை. நடப்பது ஏறக்குறைய இப்படி:

1. முதல் வாரம் ஆளுக்கொரு உலர்திராட்சை கொடுப்பார்கள். அதைப் பார்த்து, தொட்டு, முகர்ந்து, நாக்கில் வைத்து, மென்று, விழுங்கச் சில நிமிடங்கள் ஆகும். எதையும் நினைவில்லாமலே செய்துகொண்டிருக்கிறோம் என்பது அதில் பிடிபடும். பிறகு கால்விரலில் தொடங்கி உச்சந்தலைவரை கவனத்தை நகர்த்தும் உடல் பயிற்சி.

2. இரண்டாம் வாரம் ஒரு கற்பனை. தெருவில் தெரிந்தவர் ஒருவரைப் பார்த்துக் கையசைக்கிறீர்கள், அவர் கண்டுகொள்ளாமல் போகிறார். உடனே என்ன தோன்றியது? ஒருவர் 'என்மேல் கோபம்' என்பார், இன்னொருவர் 'கண்ணாடி போட மறந்திருப்பார்' என்பார். ஒரே நிகழ்ச்சி, வெவ்வேறு எண்ணம், வெவ்வேறு மனநிலை.

3. மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று நிமிட மூச்சுப் பயிற்சி. இப்போது மனதிலும் உடலிலும் என்ன நடக்கிறது என்று கவனிப்பது, கவனத்தை மூச்சில் குவிப்பது, பிறகு உடல் முழுக்க விரிப்பது. நாளின் நடுவே, வேலைக்கு இடையில் பயன்படுத்துவதற்கென்றே வடிவமைத்தது.

4. நடுவாரங்களில் பிடிக்காத உணர்ச்சியைத் துரத்தாமல் அருகில் இருத்திப் பார்ப்பது. ஆறாம் வாரத்தின் பாடம், எண்ணம் வேறு, உண்மை வேறு என்பது.

5. ஏழாம் வாரம் எழுத்து வேலை. நோய் திரும்பி வரும்போது தனக்கென்று உள்ள முன்னறிகுறிகள் என்னென்ன, அப்போது என்ன செய்வது, யாரிடம் சொல்வது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பது ஒருவருடைய அறிகுறி. வந்த செய்திகளுக்குப் பதில் போடாமல் தள்ளிப்போடுவது இன்னொருவருடையது.

இந்த ஏழாம் வாரத் தாள்தான் என் பார்வையில் மொத்தப் பயிற்சியிலும் பயனுள்ள பகுதி. பேசப்படுவதென்னவோ திராட்சைதான்.

பலன் எவ்வளவு? 2000இல் வெளியான முதல் பெரிய சோதனையில் 145 பேர். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட எபிசோட்கள் கண்டவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 60 வாரங்களில் 66 சதவீதம் நோய் திரும்பியது. எம்பிசிடி சேர்ந்தவர்களுக்கு 37 சதவீதம். இரண்டே எபிசோட் கண்டவர்களிடம் இந்தப் பலன் தெரியவில்லை. 2015இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த சோதனையில் 424 பேர். மனச்சோர்வு மாத்திரையைத் தொடர்ந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 47 சதவீதம், எம்பிசிடியோடு மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்க உதவி பெற்றவர்களுக்கு 44 சதவீதம் நோய் திரும்பியது. புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே அல்ல. மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்கு ஏறக்குறைய அதே அளவு பாதுகாப்புள்ள ஒரு மாற்று வழி என்று இதைப் படிக்கலாம். அதற்கு மேல் படிக்கக் கூடாது.

இந்த எண்களைத் திருப்பிப் பார்த்தால் தொடக்கத்துக் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைக்கிறது. சிகிச்சை நன்றாக வேலை செய்த சோதனையிலேயே 37 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. வாக்ஸ் அதற்கு முன் மருத்துவமனையில் சேர்ந்தது 2022க்குச் சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு. பல எபிசோட்கள் கண்டவருக்கு அவ்வளவு நீண்ட இடைவெளி சாதாரணமல்ல. அதைக் கொடுத்தது பயிற்சியா, மருந்தா, இரண்டுமா என்று ஒரே ஒருவரை வைத்துக்கொண்டு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

## எங்கே தவறிப்போகிறது?

பயிற்சியின் குறைபாடு என்று பேசப்படுவதில் பெரும்பகுதி, பொருந்தாத இடத்தில் பயன்படுத்துவதால் வருவது.

* நோய் உச்சத்தில் இருக்கும்போது சேர்வது. கவனத்தை ஒரு நிமிடம்கூட நிறுத்த முடியாத நிலையில் 40 நிமிடம் கண்மூடி உட்கார்ந்தால், அந்த நேரம் முழுக்க எண்ணங்கள் குடையும். 'இதுகூட என்னால் முடியவில்லை' என்று இன்னொரு தோல்வியும் கணக்கில் சேரும்.

* உடம்பைத் தளர்த்தும் வழி என்று நினைப்பது. அமைதி வராத நாளில் பயிற்சி பலிக்கவில்லை என்று விட்டுவிடுவார்கள். அமைதி இல்லை என்று கவனித்ததே அன்றைய பயிற்சி.

* வகுப்பில் சேர்ந்த தைரியத்தில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது. மேலே சொன்ன சோதனையிலேயே மருத்துவரின் கண்காணிப்பில், மெதுவாகத்தான் குறைத்தார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், தூக்கமின்மை வரலாம். அதை நோய் திரும்பியதாகவும் தவறாக எண்ணிவிட நேரும்.

* பழைய கொடுமைகளின் நினைவு அடங்காதவர்கள் பயிற்றுநரிடம் சொல்லாமல் உட்காருவது. கண்மூடி உடலைக் கவனிக்கும்போது அந்த நினைவுகள் பீறிட்டு வரலாம். நல்ல பயிற்றுநர் சேர்க்கும் முன் தனியாகப் பேசி இதை விசாரிப்பார்.

இங்கிலாந்தில் எந்தச் சிகிச்சையை யாருக்குத் தரலாம் என்று வழிகாட்டும் அமைப்பு நைஸ். 2004இலேயே எம்பிசிடியை, மூன்று எபிசோட் கண்டு இப்போது நலமாக இருப்பவர்களுக்குப் பரிந்துரைத்தது. 2022இன் புதிய வழிகாட்டுதலிலும் நோய் திரும்பாமல் தடுக்கும் வழிகளில் ஒன்றாக அது இடம்பெறுகிறது. அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் பேச்சு சிகிச்சைப் பிரிவுக்கு, குடும்ப மருத்துவரின் சீட்டு இல்லாமல் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். இலக்கு, நான்கில் மூன்று பங்கினருக்கு ஆறு வாரத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குவது. ஆனால் எல்லா ஊரிலும் எம்பிசிடி குழு நடப்பதில்லை. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

## 2022இல் நடந்தது

வாழ்க்கைக்கு ஆழமான அர்த்தம் தேடும் பயணங்கள் என்று ஒரு புத்தகம் எழுதத் திட்டமிட்டு, மௌன முகாம், திமிங்கலங்களைக் காணும் பயணம், கிறிஸ்தவ சமூகம் ஒன்றில் தங்கல் என்று வாக்ஸ் அலைந்துகொண்டிருந்தார். அந்த ஓட்டத்தின் முடிவில் மருத்துவமனை. புத்தகம் அதைப் பற்றியதாக மாறிப்போனது.

அங்கே அவருக்குக் கொடுத்த சிகிச்சைகளில் ஒன்று ஆர்டிஎம்எஸ், அதாவது காந்தத் துடிப்புகளால் மூளையைத் தூண்டுவது. மின்னதிர்ச்சி சிகிச்சையோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. மின்னதிர்ச்சிக்கு மயக்க மருந்து வேண்டும். மூளையில் ஒரு வலிப்பை வேண்டுமென்றே உண்டாக்குவார்கள். இதில் இரண்டும் இல்லை. நாற்காலியில் விழித்தபடி உட்கார்ந்திருப்பவரின் நெற்றிக்கு மேல் இடப்பக்கத்தில் ஒரு கம்பிச் சுருளை வைப்பார்கள். அது டக்-டக் என்று தட்டிக்கொண்டே காந்தத் துடிப்புகளை அனுப்பும். பழைய முறையில் ஒரு அமர்வு அரை மணிக்கு மேல். 2018இல் சம அளவு பலன் தருவதாகச் சோதனையில் தெரியவந்த புதிய முறையில் சுமார் மூன்று நிமிடம், 600 துடிப்புகள். வாரம் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம். தலைவலி, தலைத்தோலில் எரிச்சல் சாதாரணம். வலிப்பு அரிதாக வரலாம். தலைக்குள் உலோகப் பொருளோ காதுக்குள் மின் கருவியோ பொருத்தியவர்களுக்கு இது கூடாது.

அமெரிக்காவில் 2008இலும், இங்கிலாந்தில் நைஸ் வழிகாட்டுதலாக 2015இலும் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. மருந்துக்குப் போதிய பலன் கிடைக்காதவர்களுக்கே பெரும்பாலும் தருகிறார்கள். எம்பிசிடி வேலை செய்யாததால் இதற்கு மாறினார் என்று சொல்வது பொருந்தாது. ஒன்று நோய் அடங்கியிருக்கும் காலத்துக்கு, மற்றது நோய் பிடித்திருக்கும் காலத்துக்கு.

பிரசாரகர் ஒருவர் 'நான் மீண்டுவிட்டேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும்வரை கேட்பவர்களுக்கு வசதி. மறுபடி விழுந்ததை அதே குரலில் சொன்னால் சிலர் ஏமாந்ததாக நினைப்பார்கள். நோயாளிகளுக்கோ, இரண்டாவது செய்திதான் முதலாவதைவிட அதிகம் பயன்படுகிறது.

## பிரசாரம் என்பது மூன்று வேலை

முதலாவது, பேச வைப்பது. சுவரொட்டி, மேடை, டெட் (TED) என்ற உரை அரங்கில் 2012இல் ஆற்றிய உரை எல்லாம் இதில் அடங்கும். உடம்பின் மற்ற உறுப்புகள் கெட்டால் அனுதாபம் கிடைக்கிறது, மூளை கெட்டால் மட்டும் ஏன் கற்பனை என்கிறார்கள் என்று அந்த உரையில் கேட்டார். இதில்தான் அவர் கைதேர்ந்தவர்.

இரண்டாவது, ஏதாவது ஒரு சேவையை நடத்துவது. 'ஃபிராஸில்டு கஃபே' என்ற அறக்கட்டளையைத் தொடங்கி, மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளின் சிற்றுண்டியகங்களில், கடை மூடிய நேரத்தில், சிறு குழுவாக உட்கார்ந்து பேசும் கூட்டங்கள் நடத்தினார். பயிற்சி பெற்ற ஒருவர் வழிநடத்துவார். கட்டணமில்லை. 2020இல் கொரோனா முடக்கம் வந்தபோது இணையத்துக்கு மாறியது. அங்கே நோய் கண்டறிவதோ ஆலோசனை சொல்வதோ கிடையாது. ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பார்கள். அன்றாட அழுத்தத்தில் திணறுபவருக்கு அது போதும். தற்கொலை எண்ணம் உள்ளவருக்குப் போதாது. அப்படிப்பட்டவர்கள் பிரிட்டனில் சமாரிடன்ஸ் அமைப்பை 116 123 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் அவசர உதவி எண் 999.

மூன்றாவது, சட்டத்தையும் நிறுவனங்களையும் மாற்றுவது. இதற்குப் பிரபலத்தின் முகம் கதவைத் திறக்க உதவலாம். மற்றபடி இது வழக்கறிஞர்கள், எம்.பி.க்கள், அறக்கட்டளைகள் பல ஆண்டு இழுக்கும் வேலை. மனநோயைக் காரணம் காட்டி எம்.பி. பதவியைப் பறிக்கவும், நீதிமன்ற ஜூரியாகச் சேர விடாமல் தடுக்கவும் வழிவிட்ட பழைய விதிகள் நீங்கியது 2013இல் வந்த தனிச் சட்டத்தால்தான். அதற்கு முந்தைய ஆண்டு நாடாளுமன்ற விவாதம் ஒன்றில் சார்லஸ் வாக்கர், கெவன் ஜோன்ஸ் என்ற இரண்டு எம்.பி.க்கள், எதிரெதிர்க் கட்சிக்காரர்கள், தங்கள் நோயை அவையிலேயே சொன்னார்கள்.

முதல் வேலையும் மூன்றாவதும் ஒன்றோடொன்று எப்படி மோதும் என்பதற்கு உதாரணம், ஓபிஇ பெற்ற அதே 2015இல் வாக்ஸ் கிளப்பிய சர்ச்சை.

## 'முதலாளியிடம் சொல்லாதீர்கள்'

மனநோயை வேலையிடத்தில் சொல்லலாமா என்ற கேள்விக்கு அவர் ஒரு பேட்டியில் சொன்ன பதில்: சொல்லாதீர்கள், பொய் சொல்லுங்கள், நுரையீரல் நோய் என்று சொல்லிக்கொள்ளுங்கள். மனநோயைக் காரணம் காட்டி நீக்க முடியாது என்பதால் வேறு காரணம் கண்டுபிடித்து நீக்குவார்கள் என்பது அவருடைய வாதம். 'வெளிப்படையாகப் பேசுங்கள்' என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்த அறக்கட்டளைகளுக்கு இது சங்கடமாகிவிட்டது.

அவர் சொன்னதில் அனுபவ உண்மை உண்டு. ஆனால் சட்டத்தை வைத்துப் பார்த்தால் அந்த யோசனை ஆபத்தானது.

1. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி, அன்றாடச் செயல்களைக் கணிசமாகப் பாதிக்கும், 12 மாதமாவது நீடிக்கும் அல்லது நீடிக்கக்கூடிய மனநோயும் 'மாற்றுத்திறன்' என்ற பாதுகாப்புக்குள் வரும். விட்டுவிட்டு வரும் நோய், திரும்ப வர வாய்ப்பிருந்தால் தொடர்வதாகவே கருதப்படும். மாத்திரையால் அடங்கியிருந்தாலும், மாத்திரை இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்றுதான் பார்ப்பார்கள். (இந்தச் சட்டம் வட அயர்லாந்துக்குப் பொருந்தாது, அங்கே தனிச் சட்டம்.)

2. வேலை நேரத்தை மாற்றுவது, அமைதியான இடம் தருவது போன்ற நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டிய கடமை, நோய் இருப்பது முதலாளிக்குத் தெரிந்திருந்தால், அல்லது தெரிந்திருக்க நியாயமான வாய்ப்பிருந்தால் மட்டுமே எழும். நுரையீரல் நோய் என்று பொய் சொன்னவர் இந்தப் பாதுகாப்பைத் தானே விட்டுக்கொடுக்கிறார். பொய் வெளிப்பட்டால் நம்பிக்கை மோசடி என்று நீக்கவும் காரணம் கிடைத்துவிடும்.

3. சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. அதே சட்டத்தின் 60ஆம் பிரிவு, வேலை கொடுப்பதாக உறுதி செய்யும் முன் உடல்நலம் பற்றிக் கேட்பதைப் பெரும்பாலும் தடுக்கிறது. ஆகவே விண்ணப்பத்திலும் நேர்காணலிலும் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. வேலை உறுதியான பின் கேட்டால்தான் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய நிலை.

4. சொல்வதென்று முடிவெடுத்தால் நோயின் முழு வரலாறு தேவையில்லை. என்ன பாதிக்கிறது, என்ன வசதி வேண்டும் என்ற இரண்டும் போதும். எழுத்தில் கொடுத்துத் தேதியோடு ஒரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது. ஏழு நாளுக்கு மேல் விடுப்பு என்றால் வேண்டிய மருத்துவச் சான்றில், படிப்படியாகத் திரும்புதல், நேர மாற்றம், பொறுப்பு மாற்றம், இட வசதி என்று மருத்துவர் குறிக்கக் கட்டங்கள் இருக்கின்றன. 'வேலைக்குத் தகுதியில்லை' என்பதை மட்டும் குறிக்க வைத்துவிட்டு வருவது பலர் செய்யும் தவறு.

முதலாளிக்குத் தெரியாமலே உதவி பெறவும் ஒரு வழி இருக்கிறது. அரசின் 'ஆக்சஸ் டு வொர்க்' திட்டத்தின்கீழ் மனநல ஆதரவுச் சேவை உண்டு. வேலையில் இருப்பவர் தானே விண்ணப்பித்து, ஒன்பது மாதம்வரை இலவசமாக ஆலோசகர் ஒருவரின் துணையைப் பெறலாம். வேலையிடத்தில் என்ன செய்யலாம் என்று அவரோடு உட்கார்ந்து திட்டம் போட்ட பிறகு, சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளலாம்.